காலையில் கூர், பத்து மணிக்கு மொண்ணை

“தம்பி, காலையில கத்தி நல்லாத்தான் வெட்டுச்சு. பத்து மணிக்கெல்லாம் மொண்ணையாயிருச்சு.”

ஆட்டிறைச்சிக் கடைக்காரர் ஒருவர் இப்படிச் சொல்லிக்கொண்டே, பழைய நாளிதழில் சுற்றிய கத்தியை என்னிடம் நீட்டினார். தீபாவளிக்கு அப்போது ஐந்து நாள்தான் இருந்தது. ஆண்டு முழுவதும் ஓடாத ஓட்டம் கறிக்கடையில் அந்த வாரம்தான் ஓடும் என்பது உங்களுக்கே தெரியும். அந்த வாரத்தில் அவருடைய கத்தியைக் கெடுத்து வைத்திருந்தவன் நான். அது அப்போது எனக்கே தெரியாது.

பொலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளோமா இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். பாகான் டாலாமில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், அம்மாவின் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஒரு சிறிய பெல்ட் சாணை. பழையதாக வாங்கியது. மாலையில் வகுப்பு முடிந்து வந்தால் அக்கம்பக்கத்துக் கத்திகளைத் தீட்டிக் கொடுப்பேன். கத்திக்கு 5 ரிங்கிட். கறிக்கடை, மீன்கடை, வாழையிலைச் சாப்பாட்டுக் கடை என்று வாடிக்கை மெல்லப் பெருகியது. பெட்ரோலுக்கும் கைப்பேசிக் கட்டணத்துக்கும் வீட்டில் கை நீட்டாமல் இருக்கலாம் என்ற பெருமை வேறு.

அன்று அவர் தந்த கத்தியை மறுபடி தீட்டிக் கொடுத்தேன். கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தேன், கூராகத்தான் இருந்தது. மறுநாள் அதே கத்தி, அதே புகாருடன் திரும்பி வந்தது.

அந்தக் கத்திக்கு என்ன நடந்தது என்று புரிய, பெல்ட் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

சாணை பெல்ட் என்பது வளையமாக ஒட்டப்பட்ட மணல் தாள்தான். அடியில் துணி, அதன்மேல் பசை, பசையில் புதைந்து தலையை நீட்டிக்கொண்டிருக்கும் கடினமான துகள்கள். ஒவ்வொரு துகளும் ஒரு குட்டி உளி. கத்தியின் எஃகிலிருந்து கண்ணுக்குத் தெரியாத சீவலைச் சீவி எடுப்பது அந்த உளிகள்தான். என்னுடைய பெல்ட் 1 அங்குல அகலம், 30 அங்குல நீளம், அதாவது 762 மில்லிமீட்டர். அதை ஓட்டும் உருளை ஏறக்குறைய 100 மில்லிமீட்டர் விட்டம். நம் நாட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சாதாரண மோட்டார் நிமிடத்துக்கு 2,850 சுற்றை ஒட்டிச் சுழலும். விட்டத்தைப் பையால் பெருக்கி, சுற்றால் பெருக்குங்கள்: நிமிடத்துக்குச் சுமார் 895 மீட்டர், வினாடிக்கு 15 மீட்டர். அப்படியானால் பெல்ட்டின் ஒவ்வொரு துகளும் ஒரு வினாடியில் ஏறக்குறைய 20 தடவை கத்தியைக் கடந்து போகிறது. நான்காம் படிவக் கணக்குத்தான். ஆனால் இதைப் போட்டுப் பார்த்த பிறகுதான், கை ஒரு வினாடி தயங்கினால் கத்தியில் ஏன் பள்ளம் விழுகிறது என்று எனக்குப் புரிந்தது.

அந்தத் துகளின் பெயரில் நமக்கும் பங்கு உண்டு. கத்தி தீட்டும் பெல்ட்டில் பெரும்பாலும் இருப்பது அலுமினியம் ஆக்சைடு. இயற்கையில் அது கிடைக்கும்போது அதைக் ‘கொரண்டம்’ என்கிறார்கள். மாணிக்கமும் நீலக்கல்லும் அதே பொருள்தான், நிறம்தான் வேறு. ஆங்கிலத்தில் வழங்கும் அந்தச் சொல் நம் ‘குருந்தம்’ என்ற சொல்லிலிருந்து போனது என்று ஆங்கில அகராதிகளே சொல்கின்றன. தமிழ்நாட்டில் சேலம், நாமக்கல் வட்டாரங்களில் இந்தக் கல் கிடைக்கிறது. குருந்தப் பொடியை அரக்கில் குழைத்து வட்டமாக வார்த்துச் சாணை செய்வது இந்தியாவில் பழைய வழக்கம். பசையில் புதைந்த துகள் என்ற எண்ணம் இன்றைய பெல்ட்டுக்கும் அன்றைய அரக்குச் சாணைக்கும் ஒன்றே. 1798-இல் சார்லஸ் கிரெவில் என்பவர் இந்தக் கல்லைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் கட்டுரை எழுதினார். 1891-இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன் மின் உலையில் சிலிக்கன் கார்பைடை உருவாக்கியபோது, கார்பனையும் கொரண்டத்தையும் சேர்த்து அதற்குக் ‘கார்போரண்டம்’ என்று பெயரிட்டார். குருந்தம் அதிலும் ஒட்டிக்கொண்டது. 1954-இல் சென்னையில் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் பெயரிலும் அது இருக்கிறது. அதைத் தொடங்கியவர்களில் ஒரு தரப்பான முருகப்பா குடும்பத்தின் வணிகம் ஒரு காலத்தில் பர்மாவிலும் நம் மலாயாவிலும் நடந்தது.

இன்று பெல்ட்டுக்கு யாரும் குருந்தக் கல்லை இடிப்பதில்லை. பாக்சைட் தாதுவை மின் உலையில் உருக்கி, ஆறவைத்து, நொறுக்கிச் சலிக்கிறார்கள். குவாந்தானில் சாலையெல்லாம் செம்புழுதி படிந்து, 2016 ஜனவரியில் அரசு தோண்டுவதை நிறுத்தி வைத்ததே, அந்த பாக்சைட் வகைத் தாதுதான்.

எதை வாங்குவது?

கடையில் போய் நின்றால் நான்கு வகைப் பெல்ட் இருக்கும். பழுப்பு நிற அலுமினியம் ஆக்சைடு மலிவு, வீட்டுக் கத்திக்கு அதுவே போதும். சிர்கோனியா பெல்ட் பலமாக அழுத்தும் வேலைக்கு உரியது. அழுத்தம் பட்டால்தான் அதன் துகள் உடைந்து புதிய முனை வெளிவரும். கத்தியை நாம் மென்மையாகத்தான் தொடுகிறோம். அதனால் துகள் உடையாமல், முனை மழுங்கிப் பளபளப்பாகிவிடும். “விலை கூடினது, நல்லாத்தான் இருக்கும்” என்று நான் வாங்கிய இரண்டு சிர்கோனியா பெல்ட்டுகள் அப்படித்தான் வீணாயின. செராமிக் வகை நுண்ணிய சில்லுகளாக உடைந்துகொண்டே போவதால் நெடுநாள் உழைக்கும், ஆனால் விலை அதிகம். கத்தியைப் புதிதாகச் செய்கிறவர்களுக்கு அது ஏற்றது. சிலிக்கன் கார்பைடு இவை எல்லாவற்றையும்விடக் கடினம். ஆனாலும் எளிதில் நொறுங்குவதால் எஃகில் சீக்கிரம் தேய்கிறது. கண்ணாடிக்கும் கல்லுக்கும் அதுதான் சரி.

அடுத்தது எண். பெல்ட்டின் பின்புறத்தில் P240, P400 என்று அச்சிட்டிருக்கும். எண் கூடக்கூடத் துகள் சிறிதாகும். P240-இல் துகளின் சராசரி அளவு 58.5 மைக்ரான், நம் தலைமுடியைவிடச் சற்று மெல்லியது. P400 என்றால் 35 மைக்ரான், P800 என்றால் 21.8, P1200 என்றால் 15.3. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முன்னால் P இருந்தால் அது ஐரோப்பிய அளவு. P இல்லாமல் வெறும் 400 என்று அமெரிக்க அளவில் போட்டிருந்தால், அதன் துகள் நம் P800-க்கு அருகில் வரும். இரண்டையும் கலந்து வாங்கினால், படிப்படியாக மெருகேற்றுவதாக நினைத்துக்கொண்டு ஒரே இடத்தில் நின்றுகொண்டிருப்போம். இன்னும் ஒரு வகையில் துகள்களைக் கூம்புபோல அச்சில் வார்த்து ஒட்டியிருப்பார்கள். அதில் A45, A30, A16 என்று இருக்கும். அங்கே எண் மைக்ரானை ஒட்டியது, எனவே எண் குறையக் குறைய மென்மை. A16 ஏறக்குறைய P1200.

பெல்ட்டின் துணியையும் தொட்டுப் பாருங்கள். J என்று குறித்திருந்தால் நெகிழும், X என்றால் விறைப்பு. வளைந்த வாயுள்ள கத்திக்கு J வசதியானது. பின்புறத்தில் அம்புக்குறி இருந்தால் பெல்ட் அந்தத் திசையில்தான் ஓட வேண்டும். துணியை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒட்டிய மூட்டு அது. மாற்றிப் போட்டால் மூட்டின் விளிம்பு கத்தியில் மோதும், பிறகு பிரிந்துவிடும்.

எவ்வளவு மென்மை வரை போவது என்பதில் என் கருத்து பலருக்கு ஒப்பாது. கண்ணாடிபோல முகம் தெரியும் கத்தியைப் படமெடுத்துப் போடுவது அழகுதான். ஆனால் இறைச்சிக்கும் தக்காளித் தோலுக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பற்கள் வேண்டும். கறிக்கடைக் கத்திக்கு P240, P400, அதன் பிறகு பச்சை மெருகுப் பசை தடவிய தோல் பெல்ட்டில் பிசிரை எடுத்துவிட்டு நிறுத்திவிடுவேன். ஒரு பக்கத்தைத் தீட்டும்போது மறுபக்கத்தில் விரல் நுனிக்கு நெருடும் மெல்லிய இழைதான் பிசிர். அது நுனி முதல் பிடி வரை முழுதாக எழும்பாமல் அடுத்த எண்ணுக்குப் போகக் கூடாது. வாய் உடைந்த கத்தியாக இருந்தால் மட்டும் P120-இல் தொடங்குவேன்.

மிச்சம் பிடித்த 8 ரிங்கிட்

இப்போது கறிக்கடைக் கத்திக்கு வருவோம். அது துருப்பிடிக்காத எஃகு அல்ல, கார்பன் எஃகு. பல வருட உழைப்பில் கறுத்துப்போன நல்ல கத்தி. அப்படிப்பட்ட எஃகை முதலில் சிவக்கக் காய்ச்சி, சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்குவார்கள். அந்த நிலையில் அது கண்ணாடிபோல உடையும் என்பதால், மறுபடி 200 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் வைத்துப் பதப்படுத்துவார்கள். அதற்குப் பிறகு கத்தியின் வாழ்நாளில் அந்த வெப்பத்தைத் தாண்டவே கூடாது. தாண்டினால் எஃகு மெதுவாகிவிடும். எவ்வளவு சூடேறியது என்பதைக் கார்பன் எஃகு நிறத்தில் காட்டும். 220 பாகையை ஒட்டி வைக்கோல் மஞ்சள், 300 பாகையை ஒட்டி நீலம். துருப்பிடிக்காத எஃகில் நிறம் இன்னும் கூடுதலான வெப்பத்தில்தான் தெரியும். அதனால் அங்கே கெட்டது கண்ணில் படாமலே போகலாம்.

கத்தியின் வாய் முடியைப்போல மெல்லியது. சூடு ஓடி ஒளிய அங்கே இடமில்லை. புதிய பெல்ட்டின் துகள் எஃகைச் சீவுகிறது, சூட்டில் ஒரு பகுதியைச் சீவலே எடுத்துக்கொண்டு பொறியாகப் பறந்துவிடுகிறது. தேய்ந்த பெல்ட்டின் துகளோ சீவுவதில்லை, உராய்கிறது. வெட்டவில்லையே என்று நாம் இன்னும் அழுத்துவோம். சூடு முழுவதும் கத்தியில் இறங்கும்.

நான் செய்தது அதைத்தான். P240 பெல்ட் ஒன்று 8 ரிங்கிட். தீபாவளி வாரம், கத்திகள் குவிந்து கிடந்தன. புதியதை மாற்றாமல், “இன்னும் நாலு கத்திக்குத் தாங்கும்” என்று தேய்ந்த பெல்ட்டிலேயே ஓட்டினேன். கறிக்கடைக் கத்தியின் நுனியில், பெல்ட்டை விட்டு எடுக்கும் இடத்தில், வைக்கோல் நிறத்தில் ஒரு கீற்று விழுந்தது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, P400 பெல்ட்டில் அதைத் தேய்த்து மறைத்தேன். நிறம் போனால் கோளாறும் போனது என்று நினைத்தேனா, அவர் பார்க்கக் கூடாது என்று நினைத்தேனா? இரண்டும்தான்.

இரண்டாம் முறை கத்தி திரும்பி வந்த அன்று இரவு ஓர் அரத்தை எடுத்து மெல்ல உரசிப் பார்த்தேன். கத்தியின் நடுவில் அழுத்திப் பிடித்தால்தான் அரம் கடித்தது. நுனியில் சும்மா வைத்ததுமே கடித்தது. மெதுவாகிப்போன எஃகிலும் கூர் ஏற்றலாம், ஆனால் அது நிற்காது. காலையில் வெட்டும், பத்து மணிக்கு மடிந்துவிடும். அவர் சொன்ன புகார் எழுத்துக்கு எழுத்து சரி.

மறுநாள் விடிகாலையிலேயே கடைக்குப் போய், நிறத்தை மறைத்தது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. “அதை அன்னிக்கே சொல்லியிருந்தா வேற கத்திய எடுத்திருப்பேன்ல தம்பி” என்றார். அவ்வளவுதான். அந்த வாரம் முழுவதும் அவர் மகனுடைய சிறிய கத்தியை வைத்துக்கொண்டு, இடையிடையே கல்லில் தீட்டித் தீட்டிச் சமாளித்தார். நான் 60 ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்து ஒரு கத்தி வாங்கித் தந்தேன். அதை வாங்கிக்கொண்டாரே தவிர, அவர் கை பழைய கத்திக்குப் பழகிய கை. தீபாவளி முடிந்த பிறகு, புதிய பெல்ட்டைப் போட்டு, ஒவ்வோர் இழுப்புக்கும் தண்ணீரில் முக்கி, மெதுவாகிப்போன பகுதியைத் தேய்த்து எடுத்தேன். நுனியில் இரண்டு மில்லிமீட்டர் போயிற்று. அதன் பிறகு கூர் நின்றது.

பெல்ட்டை வைத்துக் காப்பது

தேய்ந்த பெல்ட்டையும் அடைத்துக்கொண்ட பெல்ட்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். நான் குழம்பியது இங்கேதான். துகள்களுக்கு நடுவில் எஃகுத் தூளும் பிசினும் அடைத்துச் சாம்பல் திட்டுகள் தெரிந்தால், அது அடைப்பு. அதற்கு மருந்து கிரேப் ரப்பர். ஓடும் பெல்ட்டில் அந்தக் கட்டியை இலேசாக அழுத்தினால், அழுக்கை ஒட்டி இழுத்துக்கொண்டு வந்துவிடும். கடையில் பெல்ட் துடைப்பான் என்று விற்பதும் பெரும்பாலும் இயற்கை ரப்பர்தான். தேய்ந்துபோன கிரேப் செருப்பு அடியும் அதே வேலையைச் செய்யும். என் தாத்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இருட்டோடு எழுந்து கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போவார் என்று அம்மா சொல்வார். அவர் இறக்கிய பால் இப்படி என் பெல்ட்டைத் துடைக்கும் என்று யாருக்குத் தெரியும்!

ஆனால் ரப்பரால் அழுக்கைத்தான் எடுக்க முடியும். மழுங்கிய துகளைக் கூராக்க முடியாது. பெல்ட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். துகள்களின் தலை தட்டையாகிப் பளபளத்தால், பொறி குறைந்தால், முன்னைவிட அழுத்த வேண்டியிருந்தால், அதன் காலம் முடிந்தது. தூக்கிப் போடுங்கள், அல்லது மரவேலைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்த எதிரி நம் ஊர்க் காற்று. எங்கள் வீட்டிலிருந்து கடல் நடக்கும் தூரம். காற்றின் ஈரப்பதம் பல நாள் 80 விழுக்காட்டைத் தாண்டும். பெல்ட்டுக்கு ஏற்றது 50 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதம். அதைவிடக் கூடினால் பருத்தித் துணி ஈரத்தை உறிஞ்சி நீளும், பசை தளரும், மூட்டு பிரியும். ஆணியில் மாட்டி வைத்தால் அந்த இடத்தில் மடிப்பு விழுந்து, ஓடும்போது ‘டக் டக்’ என்று அடிக்கும். சிமெண்டுத் தரையிலும் வெளிச்சுவரிலும் ஈரம் ஏறும் என்பதால் அங்கேயும் வேண்டாம். மூடி இறுக்கமாக உள்ள பெரிய பிஸ்கட் டின்னில், மடிக்காமல் வளையமாக வைத்து, காலணிப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலங்களைப் போட்டு மூடுகிறேன். வேலை முடிந்ததும் இயந்திரத்தின் இறுக்கத்தைத் தளர்த்திவிடுவேன். மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்று ஐம்பது பெல்ட் வாங்கி வைக்காதீர்கள். மூட்டுப் பசைக்கும் வயதாகும். பழைய பெல்ட் ஓடும்போது அறுந்து கையில் அடித்தால், சவுக்கடிதான்.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கத்தியின் வாய் எப்போதும் பெல்ட் ஓடும் திசையைப் பார்த்தே இருக்கட்டும். எதிர்த்து வைத்தால் வாய் பெல்ட்டைக் கிழித்துக்கொண்டு உங்கள் பக்கம் வரும். கண்ணாடியும் தூசுக் கவசமும் அணியுங்கள். கையுறை வேண்டாம், சிக்கிக்கொண்டால் விரலையும் இழுக்கும். மரத்தூள் கிடக்கும் இடத்தில் எஃகைத் தீட்டினால் பொறி பட்டுப் புகையும். தண்ணீரில் முக்கிய கத்தியைத் துடைக்காமல் ஈரத்தோடு வையுங்கள். வாயை ஒட்டிய நீர்த்துளி ஆவியாகத் தொடங்கினால், கையை எடுத்துவிடுங்கள்.

இந்த வேலையைப் பழக நினைப்பவர்கள் அம்மாவின் கத்தியில் தொடங்காதீர்கள். பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் கிடக்கும் கத்திகளில் நாலைந்தைக் கெடுத்துப் பாருங்கள். நீல நிறம் வரும்வரை வேண்டுமென்றே சுட்டுப் பாருங்கள். அந்தக் கத்தி எவ்வளவு நேரம் வெட்டுகிறது என்று காய்கறியில் சோதியுங்கள்.

என் கணக்கில் ஒரு P240 பெல்ட் வீட்டுக் கத்திகளில் 25 வரை தாங்கும். கறிக்கடைக் கத்தி என்றால் 15. பிரித்துப் பார்த்தால், வீட்டுக் கத்தி ஒன்றுக்கு 32 சென். இப்போது ஒவ்வொரு பெல்ட் டின்னின் மூடியிலும் ஒரு வெள்ளை நாடாவை ஒட்டி, ஒரு கத்தி முடிந்தால் ஒரு கோடு போடுகிறேன்.

கறிக்கடைக்காரர் இன்னும் என்னிடம்தான் தருகிறார். சென்ற தீபாவளிக்கு முன் ஒரு மாலை வந்தவர், கத்தியை என் கையில் கொடுக்காமல், மூடியை எடுத்துத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துக் கோடுகளை எண்ணினார். பதினான்கு இருந்தது.

“புதுசு போடு தம்பி” என்றார். போட்டேன்.